அக்கா அனுப்பிய குப்பி

ஜனவரி 9

அன்புள்ள அக்காவுக்கு,

அம்மா, நான், என் கையிலிருக்கும் கோழி, மூவரும் சுகம். நீ எப்படி இருக்கிறாய்? போன கடிதத்தில் முதுகுவலி என்று எழுதியிருந்தாய். இப்போது தேவலையா? நாள் முழுக்க நோயாளிகள் பக்கத்தில் நின்றால் முதுகு கேட்கத்தானே செய்யும் என்று அம்மா புலம்புகிறாள்.

முதலில் நல்ல செய்தி. தீயணைப்புப் படை எழுத்துத் தேர்வில் தேறிவிட்டேன். முந்நூறு பேர் எழுதியதில் நாற்பது பேர் தேறியிருக்கிறோம். ஏப்ரலில் ஓட்டத் தேர்வு, ஜூலையில் உடல் பரிசோதனை. ஓட்டத்தைப் பற்றிக் கவலையில்லை. டயர் கடையில் ஆறு வருஷமாக லாரி டயர் உருட்டுகிறவனுக்கு ஓடுவதெல்லாம் ஒரு வேலையா? எனக்கு இருபத்தாறு முடியப்போகிறது. அடுத்த முறை ஆள் எடுக்கும்போது வயது தாண்டிவிடும். இதை விட்டால் டயர்தான், சாகும்வரை டயர்தான்.

இப்போது கெட்ட செய்தி. அவர்கள் தந்த தாளில் பதினோராவது விதி: முழங்கைக்குக் கீழே பச்சை குத்தியிருக்கக் கூடாது. என் கழுகு மணிக்கட்டு வரை வந்து நிற்பது உனக்குத் தெரியும். பதினேழு வயதில் கழுகு என்று கேட்டேன். குத்தியவன் அன்றைக்குத்தான் மிஷின் வாங்கியிருந்தான், அவனுக்கு வந்தது கோழிதான். ஆறு வருஷமாகக் கடையில் முதலாளி முதல் டீ கொண்டுவருகிறவர் வரை 'கோழி' என்று கூப்பிடுகிறார்கள், நானும் திரும்பிப் பார்க்கிறேன். இப்போது அது என் பிழைப்பிலேயே மண்ணைப் போடப் பார்க்கிறது.

கடையில் ஆளுக்கொரு வைத்தியம் சொல்கிறார்கள். "உப்பும் செங்கல் பொடியும் வச்சுத் தேயிடா, ஒரே வாரத்துல போயிடும்" என்கிறான் ஒருவன். சூடான இஸ்திரிப்பெட்டி என்கிறான் இன்னொருவன். அம்மாவோ, "என் பொண்ணு லேசர் நர்ஸு, அவ ஒரு தடவை ஊதினா போயிடும், நீ எதுக்குடா ஊரெல்லாம் யோசனை கேக்கறே?" என்கிறாள். அதுதான் சரி என்று எனக்கும் படுகிறது. நீ தினமும் இதையே செய்கிறவள். என்ன செய்யலாம் சொல்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் தம்பி,
கோழிக்குச் சொந்தக்காரன்


ஜனவரி 20

அன்புத் தம்பிக்கு,

உன் கடிதம் கண்டு சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. முந்நூறில் நாற்பது! சின்ன வயதில் அடுப்புத் தீயைக் கண்டாலே அம்மா முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டவன் தீயணைக்கப் போகிறாய். என் முதுகு பரவாயில்லை. அம்மாவுக்கு முழங்கால் எப்படி இருக்கிறது என்று நீ எழுதவே இல்லையே.

உப்பு, செங்கல் பொடி, இஸ்திரிப்பெட்டி! உன் நண்பர்கள் மூளையையும் டயரில் காற்றோடு சேர்த்து அடைத்துவிட்டார்களா? மை மேல் தோலில் இல்லையடா. அதற்கு அடியில் இருக்கிறது. தேய்த்தால் போவது உன் தோல், மை இருக்கிற இடத்திலேயே இருக்கும். போன மாதம் இப்படித்தான் ஒருவர் உப்பு வைத்துத் தேய்த்துவிட்டு, சீழ் பிடித்த கையோடு வந்தார். கட்டைப் பிரித்தபோது அறையில் நிற்க முடியவில்லை. கடையில் விற்கிற களிம்பு, சுண்ணாம்பு, அமிலம், ஒன்றையும் கிட்டே சேர்க்காதே. சத்தியமாகச் சொல்கிறேன்.

லேசர் ஒன்றுதான் வழி. அந்த வெளிச்சம் மையைப் பொடிப்பொடியாக உடைக்கும். உடைந்ததை உடம்பே கொஞ்சம் கொஞ்சமாக வெளியே தள்ளும். அதற்கு நேரம் கொடுக்க வேண்டும். ஒரு தடவைக்கும் அடுத்த தடவைக்கும் நடுவில் ஆறிலிருந்து எட்டு வாரம். கறுப்பு சீக்கிரம் கிளம்பும், பச்சை மை பிடிவாதம் பிடிக்கும். உன் கோழிக்கு எட்டுப் பத்துத் தடவையாவது ஆகும். கொப்புளம் வந்தால் பிய்க்கக் கூடாது, வெயில் படக் கூடாது. எங்கள் டாக்டர் எல்லோரிடமும் சொல்வார்: "மை போற வேகத்துலதான் போகும். அவசரப்படுத்தினா தோல்தான் போகும்."

கணக்குப் போட்டுப் பார்த்தால் ஜூலைக்குள் மூன்று தடவைதான் முடியும். மூன்றில் மங்கும், மறையாது. உண்மையைச் சொல்லிவிடுவது நல்லது. இருந்தாலும் அங்கே பக்கத்தில் நல்ல தோல் டாக்டர் யாராவது இருந்தால் உடனே போய்ப் பார்.

அம்மாவின் காலைக் கவனி.

பாசமுள்ள அக்கா


பிப்ரவரி 2

அக்காவுக்கு,

இங்கே எல்லோரும் சௌக்கியம். அம்மாவுக்கு முழங்கால் மாடி ஏறும்போது மட்டும் வலிக்கிறது, வம்பு பேச எதிர் வீட்டுக்குப் போகும்போது வலிப்பதில்லை. நீ வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா?

உன் கடிதத்தைக் கடையில் சத்தமாகப் படித்துக் காட்டினேன். செங்கல் பொடிக்காரன் முகம் தொங்கிவிட்டது. "உங்கக்கா டாக்டருக்கே பாடம் எடுப்பாங்க போலிருக்கே" என்றான். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

இந்த ஊரில் லேசர் கிடையாது, விசாரித்துவிட்டேன். இருப்பதில் பக்கம் உன் மருத்துவமனைதான். ஒரு நாள் ரயில், அவ்வளவுதானே? நானே வருகிறேன். மற்றவர்களிடம் கையை நீட்டுவதை விட உன்னிடம் நீட்டுவது மேல். மூன்று தடவையில் மங்கினாலும் போதும், மங்கியதைக் காட்டி அங்கே கெஞ்சிப் பார்ப்பேன். எப்போது வரட்டும் என்று ஒரு வரி எழுது. நான் ஓட்டப் பயிற்சியை விட்டுவிட்டு ஓடி வருகிறேன்.

உன் பதிலுக்காக வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கும்,
தம்பி


மார்ச் 1

தம்பிக்கு,

உடனே எழுத முடியவில்லை, கோபித்துக்கொள்ளாதே. எனக்குக் கொஞ்சம் காய்ச்சல். இப்போது சரியாகிவிட்டது. அம்மாவிடம் காய்ச்சலைப் பற்றிச் சொல்ல வேண்டாம்.

லேசர் மிஷின் பழுது. அதற்கு ஏதோ பாகம் வெளியிலிருந்து வர வேண்டுமாம். ஒரு மாதம் ஆகலாம், இரண்டு மாதமும் ஆகலாம். இப்போது வந்தால் உனக்கு வீண் அலைச்சல். என் அறையிலும் ஆண்களைத் தங்க விடமாட்டார்கள். சரியானதும் எழுதுகிறேன், அதுவரை கிளம்பாதே.

அக்கா


மார்ச் 10

அன்புள்ள அக்காவுக்கு,

காய்ச்சல் முழுதாக விட்டதா? உன் கடிதம் இரண்டு விரல் அகலம்தான் இருந்தது, அதனால் கேட்கிறேன். நீ சொன்னபடி அம்மாவிடம் மூச்சு விடவில்லை.

அக்கா, எனக்குத் தூக்கம் போய்விட்டது. ஓடும்போதுகூடக் கையைத்தான் பார்க்கிறேன். மிஷின் பழுது என்றால் பரவாயில்லை, உன் டாக்டரையாவது பார்க்கிறேன். எத்தனையோ பேரைப் பார்த்தவர், ஏதாவது வழி சொல்லாமலா போவார்? உன் தம்பி என்றால் கூடக் கொஞ்சம் யோசிப்பார்.

27ஆம் தேதிக்கு டிக்கெட் எடுத்துவிட்டேன். ஒன்று இல்லை, இரண்டு. அம்மாவும் வருகிறாள்! "ஏழு வருஷமா அவ அந்த உடுப்புப் போட்டு நிக்கறதை நான் பாத்ததே இல்லை. ஒரே ஒரு தடவை வாசல்ல நின்னு பாத்துட்டு வந்துடறேன், உள்ளே வரமாட்டேன்" என்கிறாள். முழங்கால் வலி என்று பயமுறுத்திப் பார்த்தேன், அசையவில்லை. பெட்டியைக்கூடத் தட்டித் துடைத்து வைத்துவிட்டாள்.

நேரில் மற்றவை.

தம்பி


மார்ச் 15

அன்புத் தம்பிக்கு,

நான் நலம். நீங்கள் வர வேண்டாம். முதலில் அந்த டிக்கெட்டுகளை ரத்து செய். அம்மாவை அந்தக் காலோடு ஒரு நாள் முழுக்க ரயிலில் உட்கார வைக்கிற அளவுக்கு உனக்குப் புத்தி கெட்டுவிட்டதா?

நீ வர வேண்டிய அவசியமே இல்லை. இத்துடன் ஒரு சின்னப் பொட்டலம் அனுப்புகிறேன். அதில் ஒரு பழுப்புக் குப்பி இருக்கும். கண்ட கடைகளில் விற்கிற சரக்கு என்று நினைத்துவிடாதே, எங்கள் டாக்டர் கையாளுகிற திரவம். மருவுக்கும் கறுப்புத் திட்டுக்கும் இதைத்தான் தடவுகிறார். மேல் தோல் மெல்ல உரிந்து, புதுத் தோல் வரும்போது பச்சையும் மங்கிவிடும். பஞ்சைக் குச்சியில் சுற்றி, தொட்டு, கோழியின் மேல் மட்டும் தடவு. கொஞ்சம் எரியும், பயப்படாதே. நூறு வரை எண்ணு. பிறகு ஈரத்துணியால் துடைத்துவிடு. வாரம் ஒரு தடவையாக நான்கு வாரம். ஜூலைக்குள் தோல் பழைய நிறத்துக்கு வந்துவிடும்.

நான் கொடுத்தேன் என்று வெளியே சொல்லாதே. மருத்துவமனைப் பொருள்.

அம்மாவிடம் நான் லீவு கிடைத்ததும் வருகிறேன் என்று சொல்.

அக்கா


மார்ச் 24

அக்காவுக்கு,

பொட்டலம் உடையாமல் வந்து சேர்ந்தது. டிக்கெட்டை ரத்து செய்துவிட்டேன். அம்மா இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள். பெட்டியைத் திரும்பப் பரண்மேல் ஏற்றும்போது, "அவளுக்கு நாம போனா இடைஞ்சல் போலிருக்கு" என்று மட்டும் சொன்னாள். நீ ஒரு தடவை வந்துவிட்டுப் போயேன்.

குப்பியைப் பற்றி அம்மாவிடம் சொல்லவில்லை. நீ அனுப்பியது என்று தெரிந்தால் தெரு முழுக்கக் கரண்டி கரண்டியாக ஊற்றிக் கொடுத்துவிடுவாள்.

ஒன்று கேட்கலாமா, தப்பாக நினைக்காதே. ஜனவரியில் அமிலம் கிமிலம் ஒன்றையும் கிட்டே சேர்க்காதே என்று எழுதினாய். மூடியைத் திறந்து மோந்து பார்த்தேன், மூக்கு எரிந்தது. இது அந்த வகை இல்லையா? இதைக் கேட்கும்போதே எனக்குச் சிரிப்பு வருகிறது. தினமும் இதிலேயே இருக்கிறவளுக்குத் தெரியாதது டயர்க்காரனுக்கா தெரியப்போகிறது. நீ கொடுத்தால் கண்ணை மூடிக்கொண்டு தடவுவேன்.

ஓட்டத் தேர்வு ஏப்ரல் 11, சனிக்கிழமை. வியர்வை பட்டு எரிச்சல் எடுக்கக் கூடாது என்று, மறுநாள் ஞாயிற்றுக்கிழமை காலையில் முதல் தடவை தடவலாம் என்றிருக்கிறேன். ஏதாவது மாற்றம் இருந்தால் அதற்குள் எழுது.

உன் கையை முத்தமிட்டு,
தம்பி


ஏப்ரல் 8

தம்பி,

அந்தக் குப்பியைத் தொடாதே. திறக்காதே. தடவவே தடவாதே. மூடியை இறுக்கி, யார் கையும் படாத இடத்தில் வை. குப்பி மாறிவிட்டது. வேறு ஒன்றுமில்லை, குப்பி மாறிவிட்டது. பதறாதே. விவரமாகப் பிறகு எழுதுகிறேன்.

ஓட்டத்தில் நீ ஜெயிப்பாய்.

அக்கா


ஏப்ரல் 19

கண்ணே, என் மகளே,

அம்மா எழுதுகிறேன். எப்போதும் தம்பிதான் எழுதுவான், நான் பக்கத்தில் உட்கார்ந்து சொல்வேன். இப்போது அவன் கை எழுதுகிற நிலைமையில் இல்லை. என் எழுத்துக் கோழி கிளறிய மாதிரி இருக்கும், பொறுத்துப் படி. நீ சுகமாக இருக்கிறாய் என்று நம்புகிறேன்.

ஓட்டத்தில் இரண்டாவதாக வந்தான். மறுநாள் காலை குளியலறையில் கதவைச் சாத்திக்கொண்டு எதையோ கையில் தடவியிருக்கிறான். உள்ளே, "அறுபது, அறுபத்தொண்ணு" என்று எண்ணுகிற சத்தம் கேட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு எண்ணுகிற குரல். எண்பதுக்கு மேல் குரல் வரவில்லை, அலறல்தான் வந்தது. கதவை இடித்துத் திறந்தால் கை வெள்ளை வெளேரென்று சுண்ணாம்பு அடித்த மாதிரி இருந்தது. சாயங்காலத்துக்குள் கறுத்துவிட்டது. அரசு மருத்துவமனையில் சேர்த்து எட்டு நாள் ஆகிறது. தினமும் செத்த தோலை வெட்டி எடுக்கிறார்கள். வெளியே பெஞ்சில் உட்கார்ந்து நான் காதைப் பொத்திக்கொள்கிறேன்.

எந்தக் கடையில் வாங்கித் தொலைத்தான் என்று கேட்டால் வாயைத் திறக்கமாட்டேன் என்கிறான். குப்பியை டாக்டரிடம் மட்டும் காட்டினான். அவர், "யாருய்யா இதைக் கொடுத்தது? சொல்லு, கேஸ் போடலாம்" என்று கேட்டார். இவன் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். கொடுத்தவன் கை விளங்காமல் போக என்று நான் சபித்தேன். அதற்கு என்மேல் எரிந்து விழுகிறான்.

உன் கடிதம் திங்கட்கிழமை தபாலில் வந்தது. மருத்துவமனைக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஒரு தடவை படித்தான், மடித்துத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டான். என்ன எழுதியிருந்தாய்?

உன் பேச்சைக் கேட்டு, மிஷின் சரியாகும்வரை பொறுத்து உன்னிடம் வந்திருந்தால் இந்தக் கதி வந்திருக்குமா? புண் சீக்கிரம் ஆற என்ன போடலாம் என்று உன் டாக்டரைக் கேட்டு எழுது. இங்கே இருக்கிற நர்ஸ்களிடம் என் மகளும் நர்ஸ்தான் என்று சொல்லி வைத்திருக்கிறேன், கொஞ்சம் மரியாதையாக நடத்துகிறார்கள்.

அம்மா


ஏப்ரல் 24

தம்பிக்கு,

எப்படி இருக்கிறாய் என்று கேட்க எனக்கு யோக்கியதை இல்லை. அந்த டாக்டர் சொல்வதைத் தவிர வேறு எதையும் கையில் போடாதே. அம்மாவுக்கு இதே பதிலைத் தனியாக எழுதியிருக்கிறேன். இந்தக் கடிதம் உனக்கு மட்டும். இடது கையால் பிரித்துப் படி, படித்ததும் என்ன செய்ய வேண்டுமோ செய்.

நான் நர்ஸ் இல்லை.

முதல் வருஷப் பரீட்சையில் இரண்டு தடவை தோற்றேன், வெளியே அனுப்பிவிட்டார்கள். அதே மாதம் இங்கே துப்புரவு வேலையில் சேர்ந்தேன். 'தோல் மருத்துவமனையில் வேலை கிடைத்துவிட்டது' என்று வீட்டுக்கு எழுதினேன். அது பொய் இல்லை. 'என் மகள் நர்ஸ் ஆகிவிட்டாள் என்று தெருவுக்கே சொல்லிவிட்டேன்' என்று அம்மா பதில் எழுதினாள். இல்லை அம்மா என்று நான் எழுதவில்லை. நான் செய்தது அவ்வளவுதான். ஏழு வருஷமாக அதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன்.

தரை துடைக்கிறேன், விரிப்பு மாற்றுகிறேன், பயந்துபோய் வருகிறவர்களைக் கட்டிலில் உட்கார வைத்து இரண்டு வார்த்தை தைரியம் சொல்கிறேன். சிகிச்சை ஆரம்பித்ததும் வெளியே வந்துவிட வேண்டும். கதவில் ஒரு சதுரக் கண்ணாடி இருக்கிறது, அதன் வழியாகத்தான் எல்லாவற்றையும் பார்த்தேன். ஜனவரியில் உனக்கு எழுதியது அத்தனையும் டாக்டர் மற்றவர்களுக்குச் சொல்லிக் காதில் விழுந்தது. அது எல்லாமே சரி. அதோடு நான் நிறுத்தியிருக்க வேண்டும்.

மிஷின் ஒரு நாளும் பழுதாகவில்லை.

நீயும் அம்மாவும் வந்து வாசலில் நின்று, வாளியோடு வருகிற என்னைப் பார்ப்பதை நினைத்தேன். உன்னை எப்படியாவது அங்கேயே நிறுத்த வேண்டும், அது ஒன்றுதான் மண்டையில் இருந்தது. சாமான் அறையில் ஓரமாக ஒரு குப்பி ஒதுக்கி வைத்திருந்தது. டாக்டர் கையில் பார்க்கிற அதே பழுப்புக் குப்பி. எடுத்தேன். அவர் தடவும்போது உதடு அசைவதைக் கண்ணாடி வழியே பார்த்திருக்கிறேன், எண்ணுகிறார் என்று நினைத்து நானும் வெளியே நின்று எண்ணுவேன், நூறு வரும். அவர் எண்ணவில்லையாம். நோயாளியோடு பேச்சுக் கொடுத்துக்கொண்டிருப்பாராம். அவர் கையாளுவது தண்ணீர் கலந்த குப்பி. நான் அனுப்பியது கலக்காதது. ஏப்ரல் 6ஆம் தேதி அதைத் தேடினார்கள். "அது கையில பட்டா எலும்பு வரைக்கும் போகும், யாராவது எடுத்தீங்களா?" என்று டாக்டர் கேட்டார். எல்லோரும் இல்லை என்றார்கள். நானும் இல்லை என்றேன்.

அன்று திங்கட்கிழமை. உன் ஞாயிற்றுக்கிழமைக்கு ஆறு நாள் இருந்தது. டயர் கடை போன் நம்பர் என்னிடம் இருக்கிறது. நான்கு தடவை போன் பக்கத்தில் போய் நின்றேன், மூன்று தடவை நம்பரைச் சுற்றி, யாரும் எடுப்பதற்குள் வைத்துவிட்டேன். உன் முதலாளி எடுத்து, "கோழி, உங்க நர்ஸக்கா" என்று கத்துவார், நீ வந்து ஏன் என்று கேட்பாய். ஏன் என்று கேட்டால் நான் எல்லாவற்றையும் என் வாயால் சொல்ல வேண்டும். என்னால் முடியவில்லை. கடிதம் என்றால் கேள்வி கேட்காது. புதன்கிழமை எழுதி, சனிக்கிழமைக்குள் போய்விடும், போய்விடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு பெட்டியில் போட்டேன்.

நீ எதுவும் எழுது. திட்டி எழுது.

அக்கா


ஜூன் 20

தம்பிக்கு,

எட்டு வாரம் ஆகிவிட்டது. அம்மாவின் கடிதங்களில் கட்டுப் பிரித்தாயிற்று, புண் காய்ந்துவிட்டது என்று படிக்கிறேன். உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. அம்மா எப்போதும் போலத்தான் எழுதுகிறாள், அதனால் நீ அவளிடம் சொல்லவில்லை என்று தெரிகிறது. ஏன் சொல்லவில்லை?

அடுத்த மாதம் பரிசோதனை. பச்சை முழுக்கப் போய்விட்டதா? தழும்புக்கு ஆட்சேபம் சொல்லமாட்டார்கள் என்று ஒருவர் சொன்னார். நான் உன்னையே நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

அக்கா


ஜூலை 30

அக்காவுக்கு,

அம்மா சுகம். நான் உயிரோடு இருக்கிறேன். இடது கையால் எழுதுகிறேன், எழுத்து கோணலாகத்தான் இருக்கும்.

பச்சை போய்விட்டதா என்று கேட்டிருந்தாய். முக்கால்வாசி போய்விட்டது, வால் மட்டும் மிச்சம். போன இடத்தில் தோல் கயிறு கயிறாகத் தடித்து, மணிக்கட்டை இழுத்துப் பிடித்திருக்கிறது. விரலை மடக்கினால் முஷ்டி வராது.

22ஆம் தேதி பரிசோதனை நடந்தது. அங்கிருந்த டாக்டர் கையைப் புரட்டிப் பார்த்தார். வாலைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. தண்ணீர்க் குழாயைக் கையில் கொடுத்து, "இறுக்கிப் பிடி" என்றார். பிடித்தேன். இரண்டு விரலால் இழுத்தார், வந்துவிட்டது. "வேலைக்கு ஆகாது தம்பி" என்றார். மனுஷர் நல்லவர், குரலைத் தாழ்த்தித்தான் சொன்னார்.

எனக்கு அடுத்து நின்றவன் கை முழுக்கப் பாம்பு. நன்றாகத் தெரிந்தது, கொஞ்சம் மங்கல், அவ்வளவுதான். அவன் ஒரு சீட்டை நீட்டினான். லேசர் சிகிச்சை நடக்கிறது, இரண்டு தடவை முடிந்தது என்று டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டு. ஒரு வருஷத்துக்குள் முழுக்க எடுத்துவிடுகிறேன் என்று கையெழுத்து வாங்கிக்கொண்டு அவனை எடுத்துக்கொண்டார்கள். சீட்டின் தலைப்பில் உன் மருத்துவமனை பெயர் இருந்தது.

வெளியே வந்ததும் அவனிடம் பேச்சுக் கொடுத்தேன். மார்ச்சில் ஒரு தடவை, மே மாதம் ஒரு தடவை போயிருக்கிறான். வலித்ததா என்று கேட்டேன். "வலிச்சுது. ஆனா அங்க ஒரு அக்கா வேலை செய்யறாங்க. ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி என் கையைப் புடிச்சுக்கிட்டு, ஒண்ணுமில்லப்பா, கொஞ்ச நேரந்தான்னு சொன்னாங்க. அவங்க இல்லேன்னா நான் எழுந்து ஓடியிருப்பேன்" என்றான். அது என் அக்கா என்று நான் சொல்லவில்லை.

நீ தரை துடைப்பதில் எனக்கு என்ன அவமானம் அக்கா? நான் டயர் துடைக்கிறவன். வாளியோடு நீ வந்திருந்தால் அம்மா ஐந்து நிமிஷம் அழுதிருப்பாள். அப்புறம் அந்த வாளியை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு, சாப்பிட்டாயா என்று கேட்டிருப்பாள். எனக்குக் கை இருந்திருக்கும்.

ஏன் அம்மாவிடம் சொல்லவில்லை என்று கேட்டாய். மருத்துவமனையில் அவளிடம் மிஞ்சியிருந்த ஒரே பெருமை நீதான். அதையும் பிடுங்க மனசு வரவில்லை. இப்போது தெருவில் யார் என் கையைப் பார்த்துக் கேட்டாலும் அவள் ஒரே பதிலைத்தான் சொல்கிறாள்: "அக்கா படிச்சுப் படிச்சுச் சொன்னா, இவன் கேக்கலை. கண்ட கடையில வாங்கித் தடவிக்கிட்டான்." நான் பக்கத்தில் நின்று ஆமாம் என்று தலையாட்டுகிறேன். மூன்று மாதமாக ஆட்டிக்கொண்டிருக்கிறேன்.

நேற்று எதிர் வீட்டுக்காரம்மா தன் மகளைக் கூட்டிக்கொண்டு வந்தாள். பெண்ணுக்குக் கன்னத்தில் கறுப்புத் திட்டு. வரன் பார்க்கிறார்களாம். உன்னைக் கேட்டு என்ன தடவலாம் என்று எழுதச் சொல்லி அம்மா என்முன் தாளையும் பேனாவையும் வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். அந்தத் தாளில்தான் இதை எழுதுகிறேன்.

அந்தப் பெண்ணுக்குப் பத்தொன்பது வயது. பதில் வரும் என்று அம்மா தினமும் தபால்காரரைப் பார்த்து நிற்பாள். இனி உன்னைக் கேட்டு நான் ஒன்றும் எழுதமாட்டேன். அம்மாவுக்கு எல்லாவற்றையும் நீயே எழுது.

தம்பி